வள்ளிக்கு, ஒரு நட்டைப் பற்றி

வள்ளி ஆத்தா,

ஹெலிகாப்டர் பழுதுபார்க்கிற வேலையில் நைட் ஷிப்ட் போட்டுவிட்டார்கள், பகலில் தூக்கமே வரவில்லை என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 7 அன்று லாஸ் வேகாஸ் பக்கத்தில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் விழுந்து பைலட்டோடு 5 பேர் இறந்த கதையை, படிக்கிற காலத்தில் நீதான் எனக்குச் சொன்னாய். முந்தின நாள்தான், 100 மணி நேரம் பறந்ததும் செய்கிற சோதனையில், மேல் விசிறியைச் சாய்க்கிற சர்வோவை மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். பைலட்டின் கை அசைவை அந்த சர்வோவுக்குக் கொண்டுபோகிற ராடு பறக்கும்போதே கழன்றுவிட்டது. தானாகக் கழலாதபடி இறுகிப் பிடிக்கிற செல்ஃப் லாக்கிங் நட்டு தேய்ந்திருந்தும் அதையே திரும்பப் போட்டிருக்கிறார்கள், நட்டு கழலாமல் குறுக்கே மாட்டுகிற ஸ்ப்ளிட் பின்னைச் சரியாகப் போடவில்லை அல்லது போடவே இல்லை என்று விசாரணையில் முடிவானது. என்ஜின் நின்றால்கூட ஆட்டோரொட்டேஷனில், கீழே இறங்கும்போது காற்றே விசிறியைச் சுற்ற, இறக்கிவிடலாம் என்பாய். கட்டுப்பாடே போன பிறகு பைலட் என்ன செய்வார்? நம்ம டிப்போ பஸ்ஸில் தேவகோட்டை ரோட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் டிரைவர் ஓரங்கட்டிவிடுவார், உன் வண்டிக்கு ஓரம் கிடையாது.

ஆனால் அதில் எனக்குப் பெரிதாகப் படுவது தூக்கம்தான். பூட்டிய மெக்கானிக், சரிபார்த்த இன்ஸ்பெக்டர் இரண்டு பேருமே களைப்பில் இருந்திருக்கிறார்கள், எதை அடுத்து எதைச் செய்ய வேண்டும், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று படிப்படியாக எழுதிய தாளும் அவர்கள் கையில் இல்லை. முதல் ஆள் விட்டதைப் பிடிக்கத்தானே இரண்டாவது ஆள், அவரும் அரைத் தூக்கத்தில் நின்றால் தாளில் கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும்.

அதனால் கண் சொருகுகிற நாளில் சூப்பர்வைசரிடம் வாயைத் திறந்து சொல். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பெண்பிள்ளை, தாங்க முடியவில்லை என்று பேசுவார்களோ என்று நினைத்து மட்டும் பேசாமல் இருந்துவிடாதே ஆத்தா. நட்டு விரலுக்கே லேசாக ஓடினால் குப்பையில் போடு, ஸ்ப்ளிட் பின் எப்போதும் புதுசு. ஸ்டோரில் இல்லையா, வண்டி நிற்கட்டும், கடலில் எண்ணெய் எடுக்கிற ரிக்குக்குப் போகிறவர்கள் காத்திருக்கட்டும்.

ஷிப்ட் மாறும்போது வாயால் சொல்லிவிட்டு வராதே, எழுது. 2009 ஏப்ரல் 1 அன்று வட கடலில் விழுந்து 16 பேரும் இறந்த சூப்பர் பூமா ஹெலிகாப்டரில், ஒரு வாரம் முன்னால், மார்ச் 25 அன்றே, கியர்பாக்ஸில் உதிர்கிற இரும்பைப் பிடிக்கிற காந்தமான சிப் டிடெக்டரில் ஒரு துகள் மாட்டியது. யாரும் கண்டுகொள்ளாமல் விடவில்லை, தயாரித்த கம்பெனியிடம் கேட்டார்கள். போனிலும் மெயிலிலும் ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு வேறு மாதிரி விளங்கி, திறந்து பார்த்திருக்க வேண்டிய பாகம் திறக்கப்படாமலே பறந்திருக்கிறது. உள்ளே கியரில் விரிசல். பாதியில் விட்ட வேலை எது, எந்த நட்டைக் கையால் மட்டும் திருகி வைத்திருக்கிறாய், இதையெல்லாம் அடுத்து வருகிறவர் உன்னைத் தேடாமலே தெரிந்துகொள்ளும்படி எழுதி வை.

அப்பத்தா சீப்புச்சீடை சுட்டு டப்பாவில் போட்டிருக்கிறது, வியாழக்கிழமை காரைக்குடி போய் பார்சல் போடுகிறேன். உங்கள் ஹேங்கரில் ராத்திரி வேலைக்கு இரண்டாவது செக் யார் பார்க்கிறார்கள், அவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தவர்? அதை எனக்கு எழுது.

அப்பா