அந்தச் சிவப்பு பொய்

அன்புள்ள மாலதி,

செல்லின் மேற்பரப்புச் சர்க்கரையை ஒளிரும் சிவப்புச் சாயத்தால் காட்டும் என் சோதனை பற்றிப் போன கடிதத்தில் எழுதியதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். "செல் முழுக்கச் சிவப்பு, கிடைத்துவிட்டது" என்று குதித்தேன் இல்லையா, அது தப்பு. நீ உடனே பாஸ்கரிடம் வேறு சொல்லிவிட்டாய். உன் வாய்க்குப் பூட்டு என்றைக்கு இருந்தது!

அசைடு பூட்டிய சர்க்கரையைக் கொடுத்தால் செல் அதைச் சியாலிக் அமிலம் என்ற இன்னொரு சர்க்கரையாக மாற்றித் தன் மேற்பரப்பில் கோத்துக்கொள்ளும். அசைடு மூன்றே நைட்ரஜன், செல் கண்டுகொள்வதில்லை. அப்புறம் டிபிகோ (எட்டு அணு வளையமுள்ள ஒரு மூலக்கூறு) மாட்டிய சாயத்தை ஊற்றினால் அசைடும் டிபிகோவும் தானாகவே பிணையும். அசைடைப் பிணைக்க 2002-இல் வேதியியலாளர்கள் மெல்டாலும் ஷார்ப்லெஸும் தனித்தனியே சொன்ன வழிக்குத் தாமிரம் வேண்டும், அது உயிருள்ள செல்லுக்கு நஞ்சு. தாமிரம் இல்லாமல் எட்டு அணு வளையத்தின் இறுக்கமே போதும் என்று வேதியியலாளர் பெர்டோஸி 2004-இல் காட்டியிருக்காவிட்டால் எனக்கு இந்த வேலையே இல்லை.

புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அக்கா, சர்க்கரை கொடுக்காத தட்டைப் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. பார்த்தால் அதுவும் சிவப்பு. இரண்டு இரவு தூக்கமே வரவில்லை, மாலதி. பொய்யான படத்தை நான் எட்டுப் பேருக்குக் காட்டியிருக்கிறேன்.

சாயம் கொழுப்பை நாடுகிற ரகம். சவ்வில் புகுந்துகொண்டது, எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை. போதாததற்கு, டிபிகோ புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தோடும் கொஞ்சம் சேரும். பச்சைக்கு மாறு என்பாய். மாட்டேன். பச்சையில் செல்லுக்குள் இயல்பாகவே இருக்கும் ஃபிளேவின் என்ற பொருள்களே மினுங்கும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியால் தூண்டி 670 அருகே பார்த்தால் அந்தத் தொல்லை மிகக் குறைவு, செல்லும் அவ்வளவு வாடாது. அதனால் சிவப்பையே வைத்துக்கொண்டு, சல்போனேட் தொகுதிகள் ஏற்றிய சயனின்-5 என்ற சாயத்தை வாங்கினோம். எதிர்மின் சுமை இருப்பதால் நீரில் நன்றாகக் கரையும், சவ்வைத் தாண்டாது. சாயத்தின் அளவையும் குறைத்தோம்.

நேற்று சர்க்கரை தின்ற செல்களின் விளிம்பில் மட்டும் மெல்லிய வளையம். மற்ற தட்டு இருட்டு. அந்த இருட்டைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது? அதை நீ எழுதவே இல்லை.

இன்னும் மூன்று முறை செய்து பார்த்துவிட்டுப் படம் அனுப்புகிறேன். அதுவரை யாரிடமும் சொல்லாதே. முக்கியமாகப் பாஸ்கரிடம்.

உன்,
வசந்தி