பதிவுக் கருவியைப் பற்றி முதலில் கேளுங்கள்: வான்வழி சிக்னல் கருவிகளுக்கு ஒப்புதல் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்ட ஒப்புதல் குழுவினருக்கு,

வணக்கம். விமானத்தில் ஏறி, தொலைவில் இருக்கும் ரேடார், ரேடியோ சிக்னல்களைப் பிடித்துப் பதிந்துகொண்டு வரும் கருவிகள் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் நீங்கள். நான் அந்தக் கருவிகளை விமானத்தில் பூட்டி, கூடவே பறந்து, இறங்கிய பிறகு பதிவைத் திறந்து பார்க்கிற பக்கத்தில் இருந்தவன். பல வருடங்களாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்த மடல். ரிசீவருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட நாம் பதிவுக் கருவிக்குக் கொடுப்பதில்லை. ஸ்பெக், அதாவது கருவி எப்படி இருக்க வேண்டும் என்ற தேவைப் பட்டியல், எழுதும்போது உணர்திறன், அலைவெண் வீச்சு, திசை காணும் துல்லியம் என்று பத்துப் பக்கம் போகும். பதிவு என்ற தலைப்பின் கீழே "போதிய கொள்ளளவு இருக்க வேண்டும்" என்று ஒரே ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியால் வீணாய்ப் போன பறப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வக மேசையில் எங்கள் ரெக்கார்டர் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓடியது. ஒரு மாதிரிகூட (சிக்னலை நொடிக்குப் பல கோடி தடவை அளந்து எழுதும் ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி, அதாவது சாம்பிள்) விடுபடவில்லை. கையெழுத்துப் போட்டு விமானத்தில் ஏற்றினோம். நான்கு மணி நேரம் பறந்து இறங்கினோம். பதிவைத் திறந்தால் முதல் இருபது நிமிடம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதற்கு மேல் பல்ஸ்களுக்கு, அதாவது ரேடார் விட்டு விட்டு அனுப்பும் சின்ன அலைத் துடிப்புகளுக்கு, நடுவே இருக்கும் இடைவெளி தாறுமாறு. எதிரே இருந்த ரேடார் ஏதோ புது முறையில் இடைவெளியை மாற்றுகிறது என்று நம்பி ஒரு வாரம் உட்கார்ந்து பேசினோம்; வரைபடம்கூடப் போட்டோம். ரேடாரில் ஒன்றுமே இல்லை. டிரைவின் வேகமான தற்காலிக நினைவகம் நிரம்பியதும் எழுதும் வேகம் விழுந்துவிட்டது. வந்த மாதிரிகள் வழி நெடுகச் சிந்திக்கொண்டே வந்திருக்கின்றன. எத்தனை சிந்தின என்று எண்ணி வைக்க ஒரு கவுண்டர்கூட அதில் இல்லை. அந்தக் கவுண்டரை எழுத ஒரு மென்பொருள் பொறியாளருக்கு ஒரு நாள் போதும்.

மாதிரிகள் தொலைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தொலைந்தது தெரியாமல், இருப்பதை நம்பி ஒரு முடிவுக்கு வரப் பார்த்தோமே, அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

கணக்கைப் பார்த்தால் பதிவு ஏன் கடினம் என்று புரியும். 500 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைப்பட்டையை அப்படியே பதிய வேண்டுமானால், வடிகட்டியின் ஓரங்களுக்கும் இடம் விட்டு, நொடிக்கு 62.5 கோடி மாதிரிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதிரியில் இரண்டு எண்கள், மொத்தம் 4 பைட். நொடிக்கு 2.5 ஜிகாபைட். ஒரு மணி நேரத்தில் 9 டெராபைட். எட்டு மணி நேரப் பறப்புக்கு 72 டெராபைட். இது ஒரே ஒரு சேனலுக்கு. திசை காண நான்கு ஆன்டெனா வைத்தால் நான்கு மடங்கு.

இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துதான் பலர் சுருக்கு வழிக்குப் போகிறார்கள். கருவியே ஒவ்வொரு பல்ஸையும் அளந்து, அலைவெண், அகலம், வலிமை, வந்த நேரம், வந்த திசை என்று ஒரு சின்னக் குறிப்பாக எழுதிவிட்டு மூல சிக்னலைத் தூக்கிப் போட்டுவிடும். குறிப்புக்கு 32 பைட் என்றால், நொடிக்குப் பத்து லட்சம் பல்ஸ் வந்தாலும் 32 மெகாபைட்தான். கிட்டத்தட்ட எண்பதில் ஒரு பங்கு. நல்ல வழிதான், நானும் அதையே விரும்புவேன். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அந்தக் குறிப்பை எழுதுவது, பல்ஸ் இப்படித்தான் இருக்கும் என்று நாம் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு நிரல். இரண்டு பல்ஸ் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் அது குழம்பும். குறைந்த சக்தியில் இடைவிடாமல் அலைவெண்ணை நகர்த்திக்கொண்டே ஒலிபரப்பும் ரேடார்கள் அதன் கண்ணில் பல்ஸாகவே படாது. புதிதாக வந்த எதுவுமே நாம் எழுதி வைத்த விதிக்குள் அடங்காது. புதியதைத் தேடித்தானே விமானத்தையே அனுப்புகிறோம்?

அதனால் நான் கேட்பது இரண்டும் சேர்ந்த ஏற்பாடு. குறிப்புகள் பறப்பு முழுக்க ஓடட்டும். மூல சிக்னல் ஒரு சுழல் நினைவகத்தில் கடைசி ஐந்து நிமிடம் எப்போதும் இருக்கட்டும். மேலே சொன்ன வேகத்தில் ஐந்து நிமிடம் என்பது 750 ஜிகாபைட், இன்று அது பெரிய அளவு இல்லை. இயக்குபவர் ஏதோ வித்தியாசமாகக் கண்டால் ஒரு பொத்தானை அழுத்துவார். அழுத்துவதற்கு முந்தைய ஐந்து நிமிடமும் பாதுகாக்கப்பட்டுவிடும். மனிதன் கவனித்துக் கை நகர்த்துவதற்குள் சிக்னல் போய்விடும் என்பது இந்த வேலையில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும்.

பதிவின் அருமை தெரிய வேண்டுமானால் 1942 டிசம்பர் 3 அதிகாலைக்குப் போக வேண்டும். ஜெர்மானிய இரவுப் போர் விமானங்கள் பயன்படுத்திய லிச்டென்ஸ்டைன் ரேடார் 490 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இயங்குகிறது என்ற சந்தேகத்தை உறுதி செய்ய, பிரிட்டிஷ் விமானப்படையின் ஒரு வெலிங்டன் விமானம் வேண்டுமென்றே தன்னைத் தூண்டிலாக்கிக்கொண்டு பறந்தது. ரிசீவர் முன்னால் ஹரால்ட் ஜோர்டன் இருந்தார். அவர் கேட்ட சிக்னல் வலுத்துக்கொண்டே வந்தது, ஜெர்மானிய விமானம் சுடவும் ஆரம்பித்தது. ஜோர்டனுக்குக் கையில் அடிபட்டது. பிறகு தாடையிலும் கண்ணிலும் அடி. அதற்கு நடுவிலும் அலைவெண்ணையும் சிக்னலின் தன்மையையும் சொல்லிக்கொண்டே இருந்தார், ரேடியோ இயக்குநர் பிகோரே அதைத் தளத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் விமானம் கடலில் இறங்க வேண்டி வந்தது. அதற்கு முன், கால் காயத்தோடு இருந்த பிகோரேயை இங்கிலாந்துக் கரைக்கு மேல் பாராசூட்டில் இறக்கினார்கள். அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்று அதன் நகல் அவரிடம் இருந்தது.

அந்த விமானத்தில் ஒரு மனிதர்தான் ரெக்கார்டர். ஒரே தகவலுக்கு அவர்கள் இரண்டு வழி வைத்திருந்தார்கள், ரேடியோ ஒன்று, காகிதம் ஒன்று. உயிர் போகிற நேரத்தில் அவர்களுக்குத் தோன்றியது, சாவகாசமாக மேசையில் உட்கார்ந்து ஸ்பெக் எழுதும் நமக்கு ஏன் தோன்றுவதில்லை? ஒரே டிரைவ் தொகுப்பில் எல்லாவற்றையும் போட்டு, அது தரையில் கழற்றும்போது திறக்கவில்லை என்றால் முழுப் பறப்பும் போச்சு. பல்ஸ் குறிப்புகளாவது தனியான இன்னொரு நினைவகத்தில் நகலாக இருக்க வேண்டும். அது சின்ன அளவுதான் என்று மேலேயே பார்த்தோம்.

அடுத்தது நேரம். பதிவில் சிக்னல் இருந்தால் போதாது, அது எப்போது, எங்கே, விமானம் எப்படிச் சாய்ந்திருந்தபோது வந்தது என்பதும் அதோடு பிணைந்திருக்க வேண்டும். இரண்டு விமானங்களில் ஒரே பல்ஸ் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடம் கண்டுபிடிக்கிறோம் என்றால், ஒரு மைக்ரோ நொடித் தவறு 300 மீட்டர் பாதை வித்தியாசம். திசையில் ஒரு டிகிரி தவறினால் 200 கிலோமீட்டர் தூரத்தில் மூன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். விமானத்தின் சாய்வுக் கோணத்தை நொடிக்கு ஒரு தடவை மட்டும் பதிந்தால், திரும்பும்போது எடுத்த திசை அளவுகள் எல்லாம் குப்பைக்குத்தான். இதற்கெல்லாம் பதிவு வடிவங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பறப்புச் சோதனைப் பதிவுகளுக்கான ஐரிக் 106 (IRIG 106) தரத்தின் பத்தாம் அத்தியாயம் இருக்கிறது, ரேடியோ சிக்னல் தரவுக்கான வீட்டா 49 (VITA 49) இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு வடிவத்தைக் கண்டுபிடிப்பதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். எழுதியவர் வேலை மாறிப் போனதும் அந்தக் கோப்புகளைத் திறக்க ஆள் இருக்காது.

அப்புறம், மேசையில் தெரியாமல் வானத்தில் மட்டும் தெரியும் குறைகள். ரிசீவரின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிக அலையாக்கி. அதற்கு அதிர்வு ஆகாது. ஒரு ஜி (புவியீர்ப்பு அளவு) முடுக்கத்துக்கு நூறு கோடியில் ஒரு பங்கு அலைவெண் மாறும் படிகத்தைச் சாதாரணமாகக் காணலாம். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் 10 ஜிகாஹெர்ட்ஸுக்குப் பெருக்கும்போது அது 10 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். எஞ்சின் அதிர்வு முழுக்க சிக்னலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உயரத்தில் காற்றும் மெலிதாகிறது. 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்கு. காற்றழுத்தம் பராமரிக்கப்படாத பகுதியில் கருவியை வைத்தால், தரையில் நன்றாகக் குளிர்வித்த விசிறி அங்கே சும்மா சுற்றும்.

எங்களைப் பல நாள் அலைக்கழித்தது ஒரு கேபிள். திசை காணும் இரண்டு ஆன்டெனாக்களின் கேபிள்களை நீளம் பார்த்து, கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) பார்த்து, ஜோடியாகத்தான் வாங்கியிருந்தோம். தரையில் அளந்தால் துல்லியம். மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் திசை இரண்டு டிகிரி நகர்ந்துவிடும். இறங்கினால் சரியாகிவிடும். கனெக்டரைக் கழற்றி மாட்டினோம், மென்பொருளைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் கேபிளின் உள்ளே இருந்த டெஃப்லான்தான் காரணம். 19 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் அதன் படிக அமைப்பு மாறுகிறது, அந்த இடத்தில் சிக்னலின் கட்டம் சட்டென்று வளைகிறது. ஒரு கேபிள் சூடான மின்னணுப் பெட்டிகளை ஒட்டிப் போனது, இன்னொன்று விமானத்தின் வெளித்தோலை ஒட்டிப் போனது. ஒன்று 19 டிகிரிக்கு மேலே, ஒன்று கீழே. அவ்வளவுதான். கேபிள் மேல் இரண்டு வெப்பநிலை உணரிகளை ஒட்டி, அதையும் பதிவில் சேர்த்த அன்றைக்கே விடை கிடைத்தது. அதற்கு முன் பறந்த எந்தப் பறப்பின் பதிவையும் எங்களால் திருத்த முடியவில்லை, ஏனென்றால் அந்த வெப்பநிலையை நாங்கள் பதியவே இல்லை.

இதனால்தான் சொல்கிறேன், கருவி தன்னைப் பற்றியும் பதிய வேண்டும். வெப்பநிலை, மின்னழுத்தம், ரிசீவர் எந்தப் பெருக்கத்தில் இருந்தது, எத்தனை மாதிரி விடுபட்டது, நம் விமானமே எப்போதெல்லாம் ஒலிபரப்பியது. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் (தரை ரேடார் கேட்டால் விமானத்தை அடையாளம் சொல்லும் கருவி) 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்புகிறது, ரேடியோ உயரமானி 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. நம்முடைய சத்தத்தையே புதிய சிக்னல் என்று எழுதிக்கொண்டு இறங்கியவர்கள் உண்டு.

இதை ராணுவக் கருவிகளை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. ஜிபிஎஸ் குறுக்கீடு எங்கிருந்து வருகிறது என்று தேடும் விமானத்துக்கும், விமான நிலையத்தின் தரையிறங்கும் வழிகாட்டி சிக்னல்களைச் சோதிக்கும் விமானத்துக்கும், 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனைத் தேடிப் போகும் விமானத்துக்கும் இதே தேவைதான். தரையில் 10 மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா வைத்தால் ரேடியோ தொடுவானம் சுமார் 13 கிலோமீட்டர். 10,000 மீட்டர் உயரத்தில் அது 400 கிலோமீட்டரைத் தாண்டும். அவ்வளவு பெரிய வட்டத்திலிருந்து ஒரே நேரத்தில் கொட்டுவதைப் பிரித்துப் பார்க்க பறப்பில் நேரமில்லை. பார்க்கப்போவது தரையில், பதிவிலிருந்துதான்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த மதிப்பாய்வுக் கூட்டத்தில் ரிசீவரின் உணர்திறன் வரைபடத்தைத் திறக்கும் முன், ரெக்கார்டர் முழு வேகத்தில் முழுப் பறப்பு நேரமும் ஓடிய சோதனை முடிவைக் கேளுங்கள். பத்து நிமிடச் சோதனை காட்டினால் திருப்பி அனுப்புங்கள். திட்டத்தின் கடைசியில் ஒதுக்கும் பறப்பு மணிகளில் சிலவற்றை முதல் வருடத்துக்கே கொண்டுவாருங்கள். கருவி முழுமையாகாவிட்டாலும் பரவாயில்லை, ஓர் ஆன்டெனா, ஒரு கேபிள், ஒரு ரெக்கார்டர், இடமும் அலைவெண்ணும் நமக்குத் தெரிந்த ஒரு தரை ஒலிபரப்பி, இது போதும். அந்தப் பதிவை, பறந்தவர்கள் இல்லாமல், வேறொரு குழுவிடம் கொடுத்து ஒலிபரப்பி எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர்களால் முடியவில்லை என்றால் குறை எங்கே என்று அந்த மாதமே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பதிவுக் கருவியோடு பல வருடங்கள் பறந்த ஒரு பொறியாளர்