பொதுத் தொட்டிக்குக் குளோரின் அளவு சொல்லித்தந்தவருக்கு நன்றி

பெயர் சொல்லாமலே கிளம்பிவிட்ட ஐயா, எல்லையோரச் சிற்றூர்க்காரர்கள் எல்லாருடைய நன்றியும் உங்களுக்கு. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்றால், எங்கள் 10,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம். நேராகக் கொட்டினால் பவுடரில் உள்ள சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும்; இரும்பு வாளி அரித்துப்போகும். அரை மணி நேரம் கழித்தே குழாய் திறப்பு. கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் பவுடர் மூட்டையைச் சந்தேகிக்கச் சொன்னீர்கள். அது சரிதான்: இவ்வளவு தூரம் வெயிலிலும் ஈரத்திலும் வரும் பவுடருக்கு வீரியம் குறைந்துபோகிறது. குளோரின் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் வாடையை மட்டும் நம்பியது எவ்வளவு தப்பு! குளோரின் சோதனைக் கிட் இப்போது தொட்டியடியிலேயே இருக்கிறது.