ஸ்பான்சர் பண்ற பிள்ளைய நேர்ல பாக்கப் போறீங்களா?

ஆசிரியருக்கு வணக்கம். தொண்டு அமைப்பு மூலமா பணம் அனுப்பி, வெளிநாட்டுல ஸ்பான்சர் பண்ற பிள்ளைய பாக்கணும்னா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே அந்த அமைப்புக்கு எழுதிடுங்க, நம்மளப் பத்தி போலீஸ் சரிபார்ப்பு, அனுமதின்னு வாரக்கணக்கா இழுக்கும், நேரா போய் கதவைத் தட்டல்லாம் முடியாது, அது சரிதான்னு நினைக்கிறேன். நான் போனப்ப ஊழியர், மொழிபெயர்ப்பாளர் ரெண்டு பேரும் கூடவே இருந்தாங்க. நான் ஸ்பான்சர் பண்ற பொண்ணு, அவ அம்மா முதுகுக்குப் பின்னாடியே நின்னா. நான் போட்ட லெட்டரெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல, மடிப்பு கிழியுற அளவுக்குப் படிச்சிருக்கா! ஒரு பந்து கொடுத்த பிறகுதான் சிரிப்பே வந்துச்சு. பெரிய கிஃப்ட் வேணாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க பாத்துட்டே நிக்கும். 1950ல ஆரம்பிச்ச வேர்ல்ட் விஷன் மாதிரி அமைப்புங்க பணத்த பிள்ளை கையில தர்றதில்ல, தண்ணி, படிப்புன்னு ஊருக்கே செலவு பண்றாங்க, இது நிறைய பேருக்குத் தெரியல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்