தின் ஃபிலிம் சென்சார் நம்ம ஊர் விரல்லயும் சோதிக்கப்படணும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் காரைக்குடி பக்கம் ஒரு ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல அனஸ்தீசியா டெக்னீசியனா இருக்கேன். நம்ம பகுதி காலேஜ்ல, யுனிவர்சிட்டில நடக்குற ஆராய்ச்சி பத்தி உங்க பேப்பர்ல செய்தி வந்தா விடாம படிச்சிருவேன். தின் ஃபிலிம் (ரொம்ப மெல்லிசா பூசுற படலம்), போட்டோடையோடு (வெளிச்சம் பட்டா கரண்டா மாத்துற சின்ன சில்லு), ஒளி சென்சார்னு அதுல அடிக்கடி வரும், செய்தி முடியும்போது "மருத்துவத் துறைக்கும் பெரிதும் பயன்படும்"னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியப் பத்தித்தான் இந்த லெட்டர். அது நிசமாகணும்னா என்னென்ன வேணும்னு தியேட்டருக்குள்ள நிக்கிற எங்களுக்குத் தெரியுது, லேப்ல ராப்பகலா உக்காந்திருக்கற பிள்ளைகளுக்கு அத யாரும் போய் சொல்றதில்ல. என் மகளும் எம்எஸ்சி பிசிக்ஸ் படிச்சு தின் ஃபிலிம்லதான் ப்ராஜெக்ட் பண்ணுச்சு, அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் பாத்துட்டேன், மனசு கேக்காமத்தான் எழுதுறேன்.

கொரோனா சமயத்துல வீட்டுக்கு வீடு ஒரு கிளிப் வாங்கி விரல்ல மாட்டிப் பாத்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அதுக்கு உயிரே உள்ள இருக்குற போட்டோடையோடுதான். ஒரு பக்கம் ரெண்டு எல்இடி, ஒண்ணு 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொண்ணு 940 நானோமீட்டர் இன்ஃப்ராரெட், அது கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கு அந்தப் பக்கம் போட்டோடையோடு. ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம் சிவப்பு வெளிச்சத்த அதிகமா உறிஞ்சிரும், ஆக்சிஜன் ஏறுன ரத்தம் இன்ஃப்ராரெட்ட கூட உறிஞ்சும். நாடி துடிக்கும்போது விரலுக்குள்ள ரத்தம் கூடிக் குறையுதுல்ல, அந்தக் கூடிக் குறையுற பங்க மட்டும் தனியா பிரிச்சு, ரெண்டு வெளிச்சத்துக்கும் உள்ள விகிதத்த வச்சு மெஷின் ரத்தத்துல உள்ள ஆக்சிஜன் சதவீதத்த 98, 97னு சொல்லுது. இத கண்டுபிடிச்சவர் ஜப்பான்ல நிஹான் கோடன் கம்பெனில வேல பாத்த தகுவோ அயோயாகி, 1972ல. அவர் தேடுனது வேற விஷயம், ரத்தத்துல சாயத்தக் கலந்து காது வழியா வெளிச்சம் விட்டு இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுதுன்னு அளக்கப் பாத்துக்கிட்டு இருந்தார், நாடித்துடிப்பு குறுக்க வந்து கணக்கக் கெடுத்துக்கிட்டே இருந்துச்சு. அத ஒழிச்சுக்கட்ட வழி தேடும்போதே, அந்தத் துடிப்புக்குள்ளதான் ஆக்சிஜன் கணக்கு இருக்குன்னு பிடிச்சுட்டார். எனக்கு இத படிச்ச அன்னைக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு, 2020 ஏப்ரல்ல அவர் இறந்தப்போ உலகமே அவர் கண்டுபிடிச்ச கிளிப்ப தேடி அலைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

1980கள்லதான் இது தியேட்டர்களுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி மயக்கம் கொடுத்தவங்க உதடு நீலம் பாயுதா, நகம் நிறம் மாறுதா, வெட்டுற இடத்துல ரத்தம் கருக்குதான்னு கண்ணால பாத்துத்தான் கண்டுபிடிக்கணும், அது கண்ணுக்குத் தெரியறப்ப நேரம் நிறைய போயிருக்கும், அதுலயும் நம்ம ஆளுங்க நிறத்துக்கு நீலம் தெரியறதே லேட்டு. உலக சுகாதார நிறுவனம் 2008ல சர்ஜரிக்கு ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்தாங்க, பேஷண்டுக்கு ஆக்சிமீட்டர் மாட்டியாச்சா, வேல செய்யுதாங்கறது அதுல மயக்கம் கொடுக்குறதுக்கு முன்னாடி கேக்குற கேள்விகள்ல ஒண்ணு. டெல்லி உட்பட எட்டு ஊர் ஆஸ்பத்திரில அந்த செக்லிஸ்ட்ட போட்டுப் பாத்து 2009ல வந்த ரிசல்ட்ல சர்ஜரி சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்கிருந்துச்சு. அடுத்த வருசம் லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல்ல ஒரு கணக்கு வந்துச்சு, உலகத்துல சுமார் 77,700 தியேட்டர்ல ஆக்சிமீட்டரே கிடையாதுன்னு. இத்துனூண்டு போட்டோடையோடு இல்லாம அத்தன தியேட்டர்ல மயக்கம் கொடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க, நினைச்சாலே வயித்தக் கலக்குது.

இப்ப எங்க தியேட்டர்ல நடக்குறத சொல்றேன். புதுவயல் பக்கம் அரிசி ஆலைல மூட்டை தூக்குறவரு, ஆத்தங்குடில டைல்ஸ் போடுறவரு, கல்லல் பக்கம் கருவேல வெட்டப் போறவரு, இவங்கதான் எங்க பேஷண்ட்டுங்க. சிமெண்ட்லயும் தண்ணிலயும் ஊறி ஊறி விரல் நுனித் தோல் காச்சுப் போய் வெடிச்சிருக்கும், ஏசி குளிர்ல கை ஐஸ் மாதிரி ஆயிரும், ரத்த ஓட்டம் சுருங்கிரும், கிளிப்ப மாட்டுனா ஸ்க்ரீன்ல அலை வர்றதுக்குப் பதிலா ஒரு நடுங்குற கோடுதான் வரும். விரல மாத்துவோம், தேச்சு சூடு பண்ணுவோம், காது மடல்ல மாட்டிப் பாப்போம். கல்யாண வீட்டுல இருந்து நேரா அப்பெண்டிக்ஸ்னு வர்ற பொண்ணுக்கு பத்து விரல்லயும் மருதாணி, நகத்துல அடர் கலர் பாலிஷ். பிபி கஃப் அதே கைல கட்டிருந்தா அது ஊதுறப்பல்லாம் ரீடிங் போயிரும். சர்ஜன் காட்டரிய, அதாவது கரண்ட்ல ரத்தக் கசிவ சுட்டு நிறுத்துற கருவிய, அழுத்துனா அலை சிதறும். தலைக்கு மேல உள்ள பெரிய லைட்டு வெளிச்சம் கிளிப்புக்குள்ள நேரா பூந்தா கணக்கு தப்பும், அதுக்குத்தான் விரல பச்சத் துணிய போட்டு மூடி வைக்கிறது. ஒரு சில ஆபரேஷன்ல மெத்திலீன் புளூ மருந்து போடுவாங்க, அது ரத்தத்துல ஏறுன உடனே நம்பர் சரசரன்னு இறங்கும், பேஷண்டுக்கு ஒண்ணும் ஆகிருக்காது, மருந்தோட நீலத்தப் பாத்து போட்டோடையோடு ஏமாறுது.

இதுல நாங்க நம்பருக்கு முன்னாடி சத்தத்தக் கேப்போம், அது வெளிய உள்ளவங்களுக்குத் தெரியாது. ஆக்சிஜன் 99, 100ல இருக்குறப்ப பீப் சத்தம் மேல் சுருதில இருக்கும், இறங்க இறங்க சுருதியும் கீழ இறங்கும், டாக்டர் டியூப் போட குனிஞ்சிருக்கும்போது ஸ்க்ரீன யாரும் பாக்குறதில்ல, அந்த சுருதி ஒரு படி இறங்குனதுமே தியேட்டர்ல இருக்குற அத்தன பேரும் தலைய நிமுத்துவோம். 90க்குக் கீழ போச்சுன்னா அதுக்கப்புறம் படபடன்னு சரியும், ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டுற கணக்கே அப்படித்தான். அந்த நேரத்துல அந்த சத்தம் பொய் சொல்லக் கூடாது ஐயா. நான் கேக்குறது அவ்வளவுதான்.

ஆனா பொய் சொல்லிருக்கு. 2020 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, மெஷின் 92ல இருந்து 96 வரைக்கும் காட்டுன நேரத்துல தமனி ரத்தத்த எடுத்து சோதிச்சுப் பாத்தா நிசமான அளவு 88க்குக் கீழ இருந்தது கருப்பின நோயாளிங்க கிட்ட 11.7 சதவீதம், வெள்ளக்காரங்க கிட்ட 3.6 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட மூணு மடங்கு. மெஷின் நல்லாருக்குன்னு சொல்லுது, உள்ள ஆக்சிஜன் இல்ல. இந்த மெஷினெல்லாம் அளவு சரி பண்றது எப்படின்னா, ஆரோக்கியமான ஆட்கள உக்கார வச்சு ஆக்சிஜன் கம்மியான காத்த சுவாசிக்க விட்டு, தமனில ரத்தம் எடுத்து, மெஷின் நம்பரோட ஒப்பிட்டுப் பாத்து ஒரு டேபிள் போட்டுக்குவாங்க. அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்குற எஃப்டிஏவோட 2013 வழிகாட்டுதல்ல இந்த சோதனைக்கு 10 பேர் இருந்தாப் போதும், அதுல ரெண்டு பேராவது கருத்த தோல் உள்ளவங்களா இருக்கணும்னு இருந்துச்சு, அப்புறம் 2025 ஜனவரில அத ரொம்ப கடுமையாக்க வரைவு விட்டுருக்காங்க. அந்தப் பத்து பேர்ல நம்ம ஆத்தங்குடிக்காரர் விரல் இருந்திருக்குமா?

இங்கதான் தின் ஃபிலிம் விஷயத்துக்கு வர்றேன். இப்ப கிளிப்ல இருக்குறது சிலிக்கான் சில்லு, கெட்டியானது, வளையாது. தின் ஃபிலிம்ங்கறது கண்ணாடி மேலயோ பிளாஸ்டிக் மேலயோ சில நூறு நானோமீட்டர் கனத்துக்கு பூசுறது. என் மகள் லேப்ல ஸ்பின் கோட்டிங்னு பண்ணும், சுத்துற தட்டுல கண்ணாடித் துண்ட வச்சு மேல நாலு சொட்டு விடணும், சுத்துற வேகத்துல சொட்டு விரிஞ்சு படலமாயிரும், அத ஹாட் பிளேட்ல வச்சு சூடு பண்ணணும், ஒரு தூசி விழுந்தா அந்த இடத்துல ஓட்டை, அன்னைக்கு வேல வீண். இப்படிப் பண்ற டையோடு வளையும், பெருசா பண்ணலாம், நெத்தியில ஒட்டலாம், கால் சுண்டுவிரல் அளவு கை உள்ள பச்சக் குழந்தைக்கு சுத்தலாம், ரெண்டு கையும் தீஞ்சு வர்றவங்களுக்கு நெஞ்சுல ஒட்டலாம். 2014ல அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில ஆர்கானிக், அதாவது கார்பன் சேர்மத்துல பண்ணுன, எல்இடியும் ஆர்கானிக் போட்டோடையோடும் வச்சே ஆக்சிமீட்டர் பண்ணிக் காட்டிட்டாங்க, இன்ஃப்ராரெட்டுக்குப் பதிலா பச்சை வெளிச்சத்த வச்சு. 2016ல டோக்கியோ யுனிவர்சிட்டில மொத்தமே 3 மைக்ரான் கனத்துல தோல் மேல ஒட்டுற மாதிரி பண்ணிட்டாங்க. அட, எதுக்கு அவ்வளவு தூரம், எலும்பு ஆபரேஷன்ல பக்கத்துலயே வச்சு எக்ஸ்ரே பாக்குற புது சி-ஆர்ம் மெஷின்கள்ல படம் பிடிக்கிற ஃபிளாட் பேனல் இருக்குல்ல, அதுல நிறையவற்றுல எக்ஸ்ரேய சீசியம் அயோடைடுங்கற படிகம் வெளிச்சமா மாத்தும், அந்த வெளிச்சத்தப் பிடிக்கிறது கண்ணாடி மேல பூசின அமார்ஃபஸ் சிலிக்கான் தின் ஃபிலிம் போட்டோடையோடுங்கதான். தின் ஃபிலிம் தியேட்டருக்குள்ள வந்து ரொம்ப நாளாச்சு.

ஆனா ஆராய்ச்சிப் பேப்பர் எழுதுற பிள்ளைகள் பெருமையா சொல்றது என்ன, எங்க டையோடு இத்தன நானோசெகண்ட்ல வேல செய்யுது, ரெஸ்பான்சிவிட்டி, அதாவது விழுற வெளிச்சத்துக்கு வர்ற கரண்ட், இவ்வளவுன்னு. தம்பி, நாடி நிமிசத்துக்கு 70, 80 தடவதான் துடிக்குது, எல்இடி செகண்டுக்கு சில நூறு தடவ மாறி மாறி எரிஞ்சாப் போதும், நானோசெகண்ட் வேகத்த வச்சு விரல்ல நான் என்ன பண்றது. எனக்கு வேண்டியது வெளிச்சமே இல்லாதப்ப சும்மா ஓடுற டார்க் கரண்ட் கம்மியா இருக்கணும், அப்பத்தான் குளிர்ந்த விரல்ல இருந்து வர்ற மெலிஞ்ச துடிப்பு இரைச்சல்ல மூழ்காது. ஸ்பிரிட் வச்சு துடைச்சா தாங்கணும், வேர்வையிலயும் ஈரத்துலயும் ஆர்கானிக் படலம் கெட்டுப் போயிரும்ங்கறாங்களே, நம்ம சித்திரை வெயில்ல ஸ்டோர் ரூம்ல கெடந்து மறுநாள் ஏசிக்குள்ள வந்தாலும் அதே அளவு காட்டணும். தின் ஃபிலிம் பண்ற இன்னொரு பொருளு பெரோவ்ஸ்கைட், அதுல பெரும்பாலும் ஈயம் இருக்கு, தோல்ல ஒட்டறதுன்னா கசியாதுன்னு நிரூபிக்கணும். இதெல்லாம் நிசமான விரல்ல எப்படி வரும்னு அந்த கண்ணாடித் துண்டு, ரெண்டு கம்பி, ஒரு லேசர் வச்ச மேசைல கண்டுபிடிக்க முடியாது.

நம்ம ஊர்ல என்ன இல்ல? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து 1948ல நேரு அடிக்கல் நாட்ட, 1953ல திறக்கப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கு, மின்வேதியியல் முறையில படலம் படிய வைக்கிறதுல பேர் வாங்குன இடம். பக்கத்துலயே அழகப்பா யுனிவர்சிட்டி. மாவட்டத் தலைநகரத்துல அரசு மெடிக்கல் காலேஜ், பஸ் ஏறுனா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். படலம் பூசுறவங்களும் இங்க, மயக்கம் கொடுக்குறவங்களும் இங்க, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து நான் அறியல.

சோதிக்கிறது கஷ்டமும் இல்ல, ஒழுங்கா பண்ணணும் அவ்வளவுதான். பெரிய ஆபரேஷன்கள்ல தமனில லைன் எப்படியும் போட்டிருப்பாங்க, அதுல டாக்டர் எப்படியும் ரத்தம் எடுப்பார், அந்த நேரத்துல புது சென்சாரும் பழைய கிளிப்பும் என்ன காட்டுச்சுன்னு பக்கத்துல எழுதிக்கிட்டாப் போதும், பேஷண்டுக்கு கூடுதலா ஒரு குத்து கிடையாது. ஆனா ஒப்பிடுறதுக்கு கோ-ஆக்சிமீட்டர், அதாவது எடுத்த ரத்தத்துல ஆக்சிஜன் சதவீதத்த நேரா அளக்குற மெஷின், வேணும், சாதாரண ஏபிஜி (தமனி ரத்த வாயு) மெஷின் நிறைய எடத்துல ஆக்சிஜன் சதவீதத்த அளக்காம கணக்கு போட்டுச் சொல்லும், அத நம்பி ஒப்பிட்டா எல்லாம் தப்பாயிரும். தோல் நிறத்தையும் குத்துமதிப்பா மாநிறம், கருப்புன்னு எழுதாம அளந்து எழுதணும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, பேஷண்ட் கிட்ட தமிழ்ல புரியற மாதிரி சொல்லி கையெழுத்து, இது ரெண்டும் இல்லாம ஒரு விரல்லயும் தொடக் கூடாது. சிகிச்சை முடிவு பழைய மெஷின வச்சுத்தான் எடுக்கணும், புதுசு வெறும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும்.

உங்க நிருபர்கள் அடுத்த தடவ சென்சார் செய்தி எழுதும்போது இத யார் விரல்ல, எத்தன பேர் கிட்ட சோதிச்சீங்கன்னு ஒரு கேள்வி சேத்துக் கேக்கணும், பதில அப்படியே அச்சுல போடணும். கைடு பேராசிரியர்கள் கிட்டயும் ஒரு வேண்டுகோள், ப்ராஜெக்ட் தலைப்பு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளைகள ஒரு நாள் அனுமதியோட தியேட்டருக்கு அனுப்புங்க, தொப்பியும் மாஸ்க்கும் போட்டு மயக்க மெஷின் பக்கத்துல என்கூட நிக்கட்டும், காலைல முதல் கேஸ்ல இருந்து பாக்கட்டும். எங்க டாக்டர் கிட்ட பேசிட்டேன், அவங்களுக்கு சம்மதம், மேலிடத்துக்கு ஒரு முறையான லெட்டர் வந்தாப் போதும்னாங்க.

இப்படிக்கு,
ஒரு அனஸ்தீசியா டெக்னீசியன்,
காரைக்குடி.