மோதிரத்தில் இருந்த மூன்று வரி

அன்பு மகனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நன்னா ஹஜ்ஜிலிருந்து வாங்கி வந்த கலிமா (இஸ்லாத்தின் உறுதிமொழி வாசகம்) எழுதிய துணியைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னாயாம். அறையில் கூட இருக்கும் பையன் "இது ஐஎஸ் பயங்கரவாதிகளோட கொடிதானே?" என்று கேட்டானாம். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. கறுப்புத் துணி, அரபு எழுத்து. டிவியில் அவன் பார்த்தது அதைத்தானே. நீ ஒரு வார்த்தை பேசாமல் கழற்றியதுதான் உறுத்துகிறது.

30 வருடம் ரப்பர் ஸ்டாம்ப் செய்த கண் எனக்கு. அந்த ஐஎஸ் கொடியைப் பார்த்தால் நடுவில் இருக்கும் வெள்ளை வட்டத்துக்குத்தான் போகும். நபிகளாரின் முத்திரை என்று போட்டிருக்கிறார்கள். மேலே 'அல்லாஹ்', நடுவில் 'ரஸூல்', கீழே 'முஹம்மது'. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். நபிகளார் முத்திரையிடப் பயன்படுத்திய மோதிரத்தில் இந்த மூன்று சொல்லும் மூன்று வரியாக இருந்ததென்று புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வருகிறது. ஆனால் அந்த மோதிரம் மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) காலத்திலேயே மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்துவிட்டது, மூன்று நாள் தேடி, தண்ணீரை இறைத்துப் பார்த்தும் கிடைக்கவில்லை என்பதும் அதே புகாரியில்தான். அப்புறம் இந்த உருவம் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டில் எகிப்தில் கிடைத்து, இப்போது இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இருக்கும் ஒரு கடிதத்தின் முத்திரை அப்படி இருக்கிறது. அந்தக் கடிதமே அசலா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. கொடி வெளிவந்தது 2007இல். எழுத்தை மட்டும் வேண்டுமென்றே கரடுமுரடாக்கி 1,400 வருடப் பழசு போலக் காட்டுகிறார்கள். "பழைய முத்திரை மாதிரி வேணும்" என்று யாராவது கேட்டால் நானும் இப்படித்தான் ஓரத்தைச் சிதைத்துக் கொடுப்பேன்.

கறுப்பும் சும்மா வந்ததில்லை. 8ஆம் நூற்றாண்டில் உமையா வம்ச ஆட்சியைக் கவிழ்த்த அப்பாஸிய வம்சத்தார் ஈரான் பக்கத்துக் குராசானிலிருந்து கறுப்புக் கொடியோடுதான் கிளம்பினார்கள். அங்கிருந்து கறுப்புக் கொடிகள் வரும் என்ற ஹதீஸைப் பலவீனமானது என்று ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் ஒதுக்குகிறார்கள். ஆள் சேர்ப்பவனுக்கு அந்தக் கவலை ஏது?

ஹிஸ்புல்லாவின் மஞ்சள் கொடியில் எழுத்தே கையாக நீண்டு துப்பாக்கியைப் பிடிக்கிறது. குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 56ஆம் வசனத்தில் ஒரு துண்டு அதற்கு மேலே. தாலிபான் கொடி வெள்ளை, ஹமாஸுடையது பச்சை, இரண்டிலும் கலிமா. சவூதியின் தேசியக் கொடியிலும் அதே கலிமாதான். அதனால்தான் துக்க நாளில்கூட அதை அரைக்கம்பத்துக்கு இறக்குவதில்லை.

நன்னாவை அடக்கம் செய்யச் சுவா சூ காங்கிற்குக் கொண்டுபோன அன்று சந்தூக்குப் பெட்டியின் மேல் போர்த்தியிருந்த பச்சைப் போர்வை ஞாபகம் இருக்கிறதா? வேனில் ஏற்றும்போது ஜரிகையில் தைத்த கலிமா உன் கன்னத்தில் உரசியது. நீ சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

துணியை மாட்டுவதும் மாட்டாததும் உன் இஷ்டம். அந்தப் பையனிடம் எடுத்துக் காட்டு, இதில் வட்டமே இல்லை என்று அவனே பார்க்கட்டும். அம்மா நெத்திலி சம்பல் அனுப்பியிருக்கிறாள். அவனுக்கும் கொடு, காரம் என்று முன்னாலேயே சொல்லிவிடு.

அத்தா