ஏர் மாடு ஒழிந்துவிடவில்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் விவசாயிகளை, அதாவது மத நம்பிக்கையால் நவீன இயந்திரங்கள் பலவற்றை ஒதுக்கி வாழும் கிறிஸ்தவப் பிரிவினரைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வயலில் டிராக்டரை இறக்காமல், ஆறு குதிரைகளை ஒரே வரிசையில் பூட்டி உழுகிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன் எடை. அந்தப் படத்தை என் மனைவிக்கும் காட்டினேன். உழைக்கிற பிராணியை மதித்து எழுதியிருந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் கடைசிப் பத்தியில், நம் ஊரில் மாடு பூட்டி உழுவது என்றோ ஒழிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இதழ் என் கைக்கு வந்த அன்று காலைதான் மூன்று மணி நேரம் உழுதுவிட்டு ஏரை அவிழ்த்திருந்தேன். மாடுகள் வேலமர நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே அந்த வரியைப் படித்தேன். ஒழிந்துவிட்டது என்ற சொல்லை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நான் தாராபுரம் வட்டத்தில் நாலரை ஏக்கர் மேட்டாங்காடு வைத்திருக்கிறேன். காங்கயம் மயிலை எருது ஒரு ஜோடி. அப்பாரு காலத்தில் மூன்று ஜோடி இருந்தன. ஒரு ஜோடி கிணற்றில் கவலை பூட்டி நீர் இறைக்க மட்டும். இப்போது இந்த ஒன்றுதான். நான் டிராக்டருக்கு எதிரி அல்ல. கோடை உழவுக்கு நானும் வாடகைக்குத்தான் அழைக்கிறேன். ஆனால் பருத்தியோ மக்காச்சோளமோ முழங்கால் உயரம் வந்த பிறகு வரிசைக்கு நடுவே களை ஓட்ட வேண்டும் என்றால், சொந்த டிராக்டர் வைத்திருக்கும் பக்கத்துக் காட்டுக்காரரே என் வாசலுக்கு வருகிறார். மாட்டின் வாய்க்குக் கூடு கட்டிவிட்டால் ஒரு இலை கடிபடாது. என் வலத்து மாட்டுக்குப் பதினோரு வயது. கலப்பையின் கொழுமுனை மண்ணுக்குள் கல்லில் முட்டினால், மேழிப் பிடியில் என் கை உணர்வதற்குள் அது நின்றுவிடும். தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கும். கலப்பையைத் தூக்கிக் கல்லைத் தாண்டி வைத்தால், நாக்கைச் சொடுக்கக்கூட வேண்டாம், தானாக நடக்கும். இதைச் சொல்லிக்கொடுத்தது நான் அல்ல. அதற்கு முன் இருந்த கிழட்டு மாடு. இளங்காளையைப் பழக்கப்பட்ட மாட்டோடு சேர்த்துத்தான் பூட்டுவோம். முதலில் வெறும் நுகத்தடி, பிறகு ஒரு மரக்கட்டை, அதன் பிறகுதான் கலப்பை. இடையில் ஒரு தலைமுறை மாடு விட்டுப்போனால் கற்றுக்கொடுக்க மாடு இருக்காது. ஒழிவது என்றால் அப்படித்தான் ஒழியும்.

குதிரையின் கழுத்துப்பட்டையைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் வியந்து வியந்து எழுதியிருக்கிறார். வியக்க வேண்டியதுதான். குதிரைக்குத் திமில் இல்லை. ஒவ்வொன்றின் கழுத்தையும் அளந்து பட்டை தைத்தால்தான் அது தோளைக் கொடுத்து இழுக்க முடியும். நம் மாட்டுக்குத் திமில் இருக்கிறது. நுகத்தடி அதன் முன்னே பதிந்து உட்காரும். ஆனால் அந்தத் தடியைக் கழுத்தில் புண் விழாதபடி இழைத்துக் கொடுக்க ஒரு தச்சர் வேண்டுமே! எங்கள் ஊர்த் தச்சர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறார். லாடக்காரர் முன்பு வாரச்சந்தைக்கே வருவார். மாட்டின் குளம்பு பிளவுபட்டது, காலுக்கு இரண்டு லாடம். என் ஜோடிக்குப் பதினாறு. அந்தப் பதினாறு லாடத்துக்காக இப்போது வண்டியில் மாடேற்றி இருபத்தைந்து கிலோமீட்டர் போகிறேன். ஆமிஷ் ஊர்களில் குதிரை நிலைத்திருப்பது அவர்களுடைய பக்தியால் மட்டும் அல்ல. சேணம் தைப்பவரும் லாடம் அடிப்பவரும் குதிரைச் சந்தையும் பக்கத்திலேயே நிலைத்திருக்கின்றன. உங்கள் கட்டுரை இதை ஒரே வரியில் தொட்டுவிட்டு ஓடிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன், வலத்து மாட்டுக்கு வயதாகிறதே என்று புது ஜோடி வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். கண்ணபுரம் சந்தையில் நல்ல ஜோடி ஒரு லட்சத்துக்குக் குறைந்து கிடைக்கவில்லை. மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். “பெரியவரே, கறவை மாடு என்றால் தரலாம், டிராக்டர் என்றால் இன்றே மனு வாங்கிக்கொள்கிறேன். உழவு மாட்டுக்கு யார் கடன் கேட்கிறார்கள்?” என்றார். பவர் டில்லருக்கு அரசு மானியம் இருக்கிறது. டீசல் குடிக்காத என் ஜோடிக்கு நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது என் பேரனும் போனான். நாட்டு மாட்டைக் காப்போம் என்று நீங்களும் இதழ் இதழாக எழுதினீர்கள், நான் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். வாடிவாசல் காளைக்காக அன்று எழுந்த குரலில் கால்வாசியாவது நுகத்தடி சுமக்கிற எருதுக்காக எழுந்திருக்கலாம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறைகளாகத் தேர்ந்து பெருக்கிய மாட்டினம் இந்தக் காங்கயம். அழகு பார்ப்பதற்காகவா பெருக்கினார்கள்? கவலை இழுக்கவும் வண்டி இழுக்கவும் வறண்ட காட்டில் கொழுக்கட்டைப் புல்லைத் தின்றுவிட்டு ஏர் இழுக்கவும்தானே!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வெகுநாளாகக் கிடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் பொங்கல் மலர் அட்டையில் ஏர் ஓட்டும் உழவரின் ஓவியம் போட்டிருந்தீர்கள். மாடுகளுக்கு மூக்கணாங்கயிறு இல்லை, நுகத்தடி திமிலுக்குப் பின்னால் முதுகில் கிடந்தது. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். அது பிரசுரமாகவில்லை.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. அடுத்த இதழில், மாட்டு உழவு ஒழிந்துவிடவில்லை, குறைந்துவருகிறது என்று ஒரு வரி திருத்தம் வெளியிடுங்கள். குதிரைப் படம் எடுக்க உங்கள் புகைப்படக்காரர் கடல் கடந்தும் போகட்டும். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் குதிரையும் மாடும் சேர்ந்தே கிடைக்கும். உழுகிற மாட்டைப் பார்க்க வேண்டுமானால் புரட்டாசியில் முதல் மழை விழுந்த மறுநாள் எங்கள் காட்டுக்கு அனுப்புங்கள். விடிந்ததும் ஏர் பூட்டிவிடுவேன். வெயில் ஏறினால் மாடு தாங்காது, ஒன்பது மணிக்கெல்லாம் அவிழ்த்துவிடுவேன். அதற்குள் வந்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இருபத்தாறு ஆண்டுகளாக உங்கள் இதழின் சந்தாதாரர்,
தாராபுரம் வட்டம்